ஐந்து பாக ஃபேன்டஸி தொடருக்கு கேடிபி செலக்ட் ஒத்துவருமா?

தமிழில் ஃபேன்டஸி எழுதி, அதைப் பாகம் பாகமாக மின்னூலாக நீங்களே வெளியிட நினைத்தால், எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் அமேசானின் கேடிபியில்தான் வந்து நிற்பீர்கள். கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் என்பது அதன் முழுப்பெயர். 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் வந்தது. அமேசான் நடத்திய பென் டு பப்ளிஷ் எழுத்துப் போட்டியில் தமிழுக்கும் இடம் கொடுத்த ஆண்டுகளில் நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். இன்று அங்கே குடும்ப நாவலுக்கும் சரித்திரக் கதைக்கும் பஞ்சமில்லை. ஃபேன்டஸி இன்னும் கொஞ்சம்தான், அதிலும் ஐந்து பாகம் ஆறு பாகம் என்று நீளும் தொடர்கள் குறைவு. அதனால் விலை எப்படி வைப்பது, எப்படி விளம்பரப்படுத்துவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரவில் எழுதுவது "கழிமுகத்துக் காவலர்கள்" என்ற தொடர். உப்பு விளையும் பாத்திகளில் இறந்தவர்களின் நினைவு படிகமாக உறையும் ஓர் உலகம், அந்தப் படிகங்களைத் திருடுபவர்கள், காவல் காப்பவர்கள். ஐந்து பாகங்கள், ஐந்தும் கேடிபியில் இருக்கின்றன, ஐந்தும் செலக்ட் திட்டத்தில் இருக்கின்றன. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பாகமாவது தயாராகக் கையில் வைத்திருப்பவருக்கு செலக்ட் நல்ல திட்டம், தைரியமாகச் சேரலாம். ஒரே ஒரு பாகத்தோடு சேர்பவருக்கு அதன் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

செலக்ட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 90 நாள் ஒப்பந்தம். அந்த 90 நாளும் உங்கள் மின்னூல் அமேசானைத் தவிர வேறு எந்தக் கடையிலும் தளத்திலும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில்கூடப் பத்து சதவீதத்துக்கு மேல் மாதிரியாகப் போடக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் நிறுத்தச் சொல்லாவிட்டால் 90 நாள் முடிந்ததும் தானாகவே அடுத்த 90 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். பதிலுக்கு, சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்குப் புத்தகம் போய்ச் சேரும், இலவசமாகக் கொடுக்க ஐந்து நாள் கிடைக்கும், அப்புறம் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி கிடைக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்க அமேசானில் 70 சதவீதம் வாங்க செலக்டில் சேர வேண்டிய அவசியமில்லை, விலை 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் இருந்தால் போதும். இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே செலக்டில் இருந்தால்தான் 70, வெளியே இருந்தால் 35. தமிழ் மின்னூலுக்குப் பெரும்பாலான வாசகர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதால், விலையைப் பற்றிய எந்தக் கணக்கும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வரி விவகாரத்தைத் தனியே வைத்துவிடுங்கள். 49 ரூபாய் புத்தகம், இவ்வளவு குறைந்த விலைக்கு செலக்டில் இருந்தாலும் 35 சதவீதம்தான்: ஒரு பிரதிக்கு 17 ரூபாய் 15 காசு. 149 ரூபாய் புத்தகம், 70 சதவீதம்: இதில் அமேசான் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு டெலிவரி கட்டணம் கழிக்கிறது, இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய். உங்கள் கோப்பு ஒரு எம்பி என்றால் 142 ரூபாயில் 70 சதவீதம், அதாவது 99 ரூபாய் 40 காசு. 149 ரூபாய்க்கு ஒன்று விற்பதும் 49 ரூபாய்க்கு ஏறக்குறைய ஆறு விற்பதும் ஒன்று. அதே 149 ரூபாய் புத்தகம் செலக்டுக்கு வெளியே இருந்தால் 52 ரூபாய் சொச்சம்தான். ஒரு பிரதிக்கு 47 ரூபாய் வித்தியாசம். வேறு கடைகளில் விற்று இந்த 47 ரூபாயை ஈடுகட்ட முடியுமா என்பதைத்தான் ஒவ்வொருவரும் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

தனி நாவல் எழுதுபவர் இதோடு நிறுத்திக்கொண்டு 149 வைத்துவிட்டுப் போகலாம். தொடர் எழுதுபவர் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொடரின் முதல் பாகத்துக்கு நீங்கள் வைக்கும் விலை, ஐந்து பாகத்தையும் எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள் என்பதை முடிவு செய்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் பாகம் 49 ரூபாய், நூறு பேர் வாங்குகிறார்கள். அதில் ஐம்பது பேர் இரண்டாம் பாகத்துக்கு வருகிறார்கள், நாற்பது பேர் மூன்றாவதுக்கு, அப்புறம் முப்பத்தாறு, முப்பத்து நான்கு. முதல் பாகத்தில் கிடைப்பது 1,715 ரூபாய். மற்ற நான்கு பாகங்களில் 160 பிரதி, 15,904 ரூபாய். மொத்தம் 17,619. இப்போது முதல் பாகத்தையும் 149 ஆக்குங்கள். நாற்பது பேர்தான் வாங்குகிறார்கள், அதே விகிதத்தில் தொடர்கிறார்கள் என்று வையுங்கள். முதல் பாகத்தில் 3,976, மற்றவற்றில் 64 பிரதி, 6,361 சொச்சம். மொத்தம் 10,337. முதல் பாகத்தில் இரண்டு மடங்குக்கு மேல் சம்பாதித்தும் முடிவில் ஏழாயிரம் ரூபாய் குறைகிறது.

இதில் ஒரு மறுப்பும் இருக்கிறது, நியாயமான மறுப்பு. முழு விலை கொடுத்து வாங்கியவர் பெரும்பாலும் படித்து முடிப்பார், மலிவு என்று வாங்கியவர் திறந்துகூடப் பார்க்காமல் வைத்துவிடுவார், ஆகவே விகிதம் ஒன்றாக இருக்காது. உண்மைதான். அதற்காகத்தான் உங்கள் சொந்தத் தொடரின் விகிதத்தை நீங்களே பார்க்க வேண்டும் என்கிறேன். கேடிபியின் அறிக்கைப் பக்கம் பாகவாரியாக விற்பனையைக் காட்டும். அதில் நான் பார்ப்பது ஒரே ஒரு எண்தான்: முதல் பாகத்திலிருந்து இரண்டாம் பாகத்துக்கு வருபவர்கள் எவ்வளவு. மூன்றாம் பாகத்தைத் தாண்டியவர்கள் அநேகமாகக் கடைசிவரை வருகிறார்கள், அங்கே விலையைக் குறைப்பதால் புதிதாக யாரும் வரப்போவதில்லை. முதலிலிருந்து இரண்டாவதுக்கு வருவது குறைவாக இருந்தால் கோளாறு விலையில் இல்லை, கதையின் முடிவில் இருக்கிறது, அல்லது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பற்றி கீழே சொல்கிறேன்.

என் விலை: முதல் பாகம் 49, மற்ற நான்கும் தலா 149. முதல் மூன்றையும் சேர்த்து ஒரே கோப்பாக 299. டாலர் விலையை அமேசான் தானாகக் கணக்கிட விடாதீர்கள், நீங்களே போடுங்கள். வெளிநாட்டுத் தமிழ் வாசகருக்கு 2.99 டாலர் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் நமக்கு அது பெரிய வித்தியாசம். 0.99 டாலருக்கு 35 சதவீதம்தான், 35 சென்ட்கூட முழுதாக வராது. 2.99 என்றால் ஒரு எம்பிக்கு 15 சென்ட் டெலிவரி போக, கிட்டத்தட்ட இரண்டு டாலர். அமெரிக்க விற்பனையில் வரிப் பிடித்தம் 30 சதவீதம். கணக்குத் தொடங்கும்போது வரும் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா - அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் கோரினால் அது 15 ஆகும். அந்தப் படிவத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

டெலிவரி கட்டணம் என்று சொன்னேனே, ஃபேன்டஸி எழுதுபவர்களுக்கு அதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: வரைபடம். நம் எல்லோருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் வைக்க ஆசை. என் தொடருக்கும் ஒன்று உண்டு, கழிமுகம், ஏழு உப்பளங்கள், பழைய கலங்கரை விளக்கம், எல்லாம் கையால் வரைந்தது. ஓவியர் கொடுத்த கோப்பு பல எம்பி. அதை அப்படியே எல்லாப் பாகத்திலும் வைத்தால் 70 சதவீதத்தில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எம்பிக்கு ஏழு ரூபாய் வீதம் போய்க்கொண்டே இருக்கும். யூனிகோடில் அடித்த தமிழ் எழுத்து எவ்வளவு பக்கம் இருந்தாலும் ஒரு எம்பியைத் தாண்டுவது அபூர்வம், எடை முழுக்கப் படத்தில்தான். வரைபடத்தைச் சாம்பல் நிறமாக்கி, ஜேபெக் ஆக்கி, சில நூறு கேபிக்குள் கொண்டுவரலாம். ஊர்ப் பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில் மறுபடி எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் வாசகர்களில் பெரும்பாலோர் போனில்தான் படிக்கிறார்கள், சின்ன எழுத்து அதில் புள்ளியாகத்தான் தெரியும்.

அதோடு, வரைபடத்தை முன்பக்கத்தில் வைக்காமல் பின்னால் வையுங்கள். வாங்கும் முன் படித்துப் பார்க்க அமேசான் கொடுக்கும் மாதிரி, புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து சதவீதம். அந்தப் பத்தில் சமர்ப்பணம், நன்றி, அணிந்துரை, வரைபடம், பாத்திரப் பட்டியல், அரச வம்சத்தின் பரம்பரை என்று அடுக்கினால் கதை தொடங்குவதற்குள் மாதிரி முடிந்துவிடும். யாரென்றே தெரியாத எழுத்தாளரின் புத்தகத்தை ஒருவர் வாங்குவது முதல் அத்தியாயத்தைப் படித்துத்தான். என் புத்தகங்களில் தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், உடனே முதல் அத்தியாயம். மற்றதெல்லாம் கடைசியில்.

இனி இலவச நாட்கள். 90 நாளுக்கு ஐந்து, சேர்ந்தாற்போலவும் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம், மிச்சம் வைத்தால் அடுத்த சுற்றுக்கு வராது. ஒரு பாகம் மட்டும் இருக்கும்போது அதை இலவசமாகக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படித்து முடித்தவருக்கு வாங்க அடுத்து எதுவும் இல்லை. அடுத்த பாகம் வருவதற்குள் அவர் பெயர்களை மறந்துவிடுவார், அதுவும் நாம் வைக்கும் பெயர்களை! வார இதழ்த் தொடர்கதைக்காகக் காத்திருந்து பழகிய வாசகர்கள்தான் நாம், ஆனால் அங்கே அடுத்த வாரம் அடுத்த அத்தியாயம் நிச்சயமாக வந்தது. இங்கே அந்த நிச்சயம் இல்லை. இரண்டாம், மூன்றாம் பாகங்கள் கடையில் இருக்கும்போது முதல் பாகத்தை இலவசமாக்கினால், அந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும் மற்றவை நகர்வதை அறிக்கையில் கண்ணால் பார்க்கலாம். புதுப் பாகம் வரும் வாரத்தில் முதல் பாகத்தை இலவசமாக்குவதுதான் என் வழக்கம். ஐந்து நாளையும் ஒரேயடியாகச் செலவழிப்பதில்லை, ஒரு சனி ஞாயிறுக்குக் கொஞ்சம், பொங்கல் போன்ற விடுமுறைக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு நடைமுறை விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இலவச நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது. நமக்கு அது மதியம் பன்னிரண்டரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஒன்றரை. சனிக்கிழமை என்று குறித்துவிட்டு காலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப் குழுக்களில் "இன்று இலவசம்" என்று போட்டால், போய்ப் பார்ப்பவருக்கு 49 ரூபாய் என்றுதான் காட்டும். வந்தவர் திரும்பிப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். நான் மதியச் சாப்பாடு முடிந்து, அமேசான் பக்கத்தில் விலை பூஜ்யம் ஆனதைப் பார்த்த பிறகுதான் எங்கும் அறிவிக்கிறேன். இலவசப் பட்டியலில் உங்கள் புத்தகம் மேலே வருவதைப் பார்த்து மகிழுங்கள், ஆனால் அது தனிப் பட்டியல். விலைக்குத் திரும்பியதும் அந்த இடம் கூடவே வராது.

கவுன்ட்டவுன் டீல் என்று இன்னொரு கருவியும் செலக்டில் உண்டு. விலையைச் சில நாள் குறைத்து, எத்தனை மணி நேரம் மிச்சம் என்று பக்கத்திலேயே காட்டும். குறைத்த விலையிலும் 70 சதவீதம் கிடைக்கும். மிக அருமையான ஏற்பாடு, ஆனால் அமெரிக்க, பிரிட்டன் அமேசானில் மட்டும். இந்தியாவில் கிடையாது. இங்கே விலையைக் குறைக்க வேண்டுமானால் கையால் மாற்ற வேண்டும், மாற்றம் கடையில் தெரிய மூன்று நாள் வரை ஆகலாம், ஆகவே "இன்று மாலை வரை மட்டும்" என்று நம்பி அறிவிக்க முடியாது. தமிழ் எழுத்தாளர்களுக்கு இந்தத் திட்டத்தில் உள்ள பெரிய குறை என்று நான் இதைத்தான் சொல்வேன். 70 சதவீதத்துக்காக எங்களைக் கட்டாயமாகச் செலக்டுக்குள் வரச் சொல்லும் சந்தையில், செலக்டின் கருவிகள் எல்லாமும் கிடைக்க வேண்டும் அல்லவா?

கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்தது 2015-ல். அதே ஆண்டு ஜூலையிலிருந்துதான் எழுத்தாளர்களுக்குப் புத்தகக் கணக்கில் இல்லாமல், படித்த பக்கத்தின் கணக்கில் பணம் தரத் தொடங்கினார்கள். ஒரு வாசகர் ஒரு புத்தகத்தில் முதல் முறை படிக்கும் பக்கங்கள் மட்டும் எண்ணப்படும், அதிகபட்சம் 3,000 பக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று நிரந்தர விகிதம் இல்லை, மாதா மாதம் ஒரு நிதி ஒதுக்கிப் பிரித்துக் கொடுக்கிறார்கள், நாட்டுக்கு நாடு விகிதம் மாறும். நம் ஊர் வாசகர் படிக்கும் பக்கத்துக்குப் பைசாக் கணக்கில்தான் வரும். கேட்பதற்குச் சொற்பமாகத் தெரியலாம். ஆனால் தொடர் எழுதுபவருக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. சந்தாதாரருக்கு ஒவ்வொரு பாகத்திலும் பர்ஸைத் திறக்க வேண்டிய தயக்கம் இல்லை, முதல் பாகம் பிடித்தால் அன்றிரவே இரண்டாவதைத் தொடங்குகிறார். அறிக்கையில் பக்க எண்ணிக்கைக் கோடு ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு நகர்வதைப் பார்க்கும்போது, முகம் தெரியாத யாரோ ஒருவர் என் உப்பளத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும். எழுதுபவருக்கு அது கொடுக்கும் உற்சாகம் பணத்தில் அடங்காது. பணம் கைக்கு வருவது மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைசிப் பக்கம். விளம்பரம் என்றதும் நாம் பேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் ஒரு தொடரின் மிகச் சிறந்த விளம்பர இடம் முந்தைய பாகத்தின் கடைசிப் பக்கம்தான். கதை முடிந்த சூட்டோடு வாசகர் அங்கே இருக்கிறார். அந்த இடத்தில் பலரும் தன் வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம். அடுத்த பாகத்தின் பெயர், இரண்டு வரி, இணைப்பு. அவ்வளவுதான். அடுத்த பாகம் இன்னும் தயாராகவில்லை என்றால் முன்பதிவு வைக்கலாம், ஓராண்டுக்கு முன்பிருந்தே கேடிபி அனுமதிக்கிறது. இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்பாக ஏற்றிவிட வேண்டும். அப்புறம் கேடிபியில் தொடருக்கென்று தனிப் பக்கம் உருவாக்கும் வசதி இருக்கிறது, பாகங்களை எண் வரிசையில் அடுக்கிக் காட்டும். அதைச் செய்யாமல் விட்டால், தேடுபவருக்கு மூன்றாம் பாகம் முதலில் வந்து நிற்கும்.

அதோடு முடியவில்லை. ஒரு நாள் நெல்லையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, முதல் பாகம் முடிச்சுட்டேன், தூக்கமே வரல. ரெண்டாவதை ஆப்புல தேடினா அட்டை வருது, வாங்குற பட்டனே இல்லையே?"

"ஆப்புல வாங்க முடியாதும்மா. க்ரோம்ல அமேசானைத் திறந்து வாங்கு, கொஞ்ச நேரத்துல ஆப்புக்குத் தானா வந்துடும்."

"இது எனக்குத் தெரியவே தெரியாதுக்கா!"

அவளுக்கு மட்டும் இல்லை, பலருக்குத் தெரியாது. 2022-ல் கூகுள் பிளேயின் கட்டண விதி காரணமாக ஆண்ட்ராய்டு கிண்டில் செயலியில் புத்தகம் வாங்கும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. ஐபோனில் அதற்கு முன்பிருந்தே நம் ஊரில் இதே நிலைதான். போனில் மட்டுமே படிக்கும் வாசகருக்கு இது நடு வழியில் போட்ட கதவு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் வாசகர்கள் இதற்குப் பழகியிருக்கலாம், தமிழில் முதல் மின்னூலை வாங்கும் ஒருவர் பட்டன் இல்லை என்றதும் புத்தகமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். அந்த உரையாடலுக்குப் பிறகு என் ஐந்து பாகங்களின் கடைசிப் பக்கத்திலும் இணைப்புக்குக் கீழே மூன்று வரியில் வழி எழுதியிருக்கிறேன்: பிரவுசரில் திறக்கவும், அதே அமேசான் கணக்கில் நுழையவும், வாங்கியபின் செயலியைத் திறந்து லைப்ரரியில் பார்க்கவும். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கும் முன் இந்த மூன்று வரியை எழுதிவிடுங்கள்.

தேடுதலைப் பற்றியும் கொஞ்சம். நம் வாசகர்களில் பலர் தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். கழிமுகத்தில் உள்ள ழகரத்துக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். தலைப்பில் ஒரு வடிவம்தான் வைக்க முடியும், மற்றவற்றுக்கு கேடிபி கொடுக்கும் ஏழு குறிச்சொல் பெட்டிகளில் இடம் இருக்கிறது. 2023-லிருந்து வகைப்பிரிவுகள் மூன்றை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஃபேன்டஸியின் உட்பிரிவுகளை ஆர அமரப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அட்டைப்படத்தை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் ஒப்புதல் கொடுங்கள்.

வெளியே செய்யும் விளம்பரத்தில் எனக்கு உருப்படியாகப் பலன் தந்தவை குறைவு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு புக்பப் என்ற பெரிய வசதி உண்டு. 2012-ல் தொடங்கிய நிறுவனம், இலவசமாக, அல்லது பாதி விலைக்கோ அதற்கும் கீழேயோ வந்த புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து வகைவாரியாக மின்னஞ்சலில் அனுப்பும். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே நமக்கு வாசிப்புக் குழுக்களும் சொந்த வாசகர் பட்டியலும்தான். என் வாசகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் சேனல் வைத்திருக்கிறேன். அதில் புத்தக இணைப்பைவிட உப்புப் படிகம் வளர்வதைப் படமெடுத்துப் போட்டால்தான் ஆட்கள் நிற்கிறார்கள். நின்றவர்களிடம் எப்போதாவது புத்தகத்தைச் சொன்னால் கேட்கிறார்கள்.

ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து என்னை அழைத்தார்கள், "மேடம், பேக்கேஜ் எடுத்துக்கங்க, இருபது அஞ்சு நட்சத்திர ரிவ்யூ கேரண்டி" என்றார்கள். பெயர் வேண்டாம், இப்படி அழைப்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை. புதிதாக வருபவர்கள் தயவுசெய்து இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். காசுக்கு விமர்சனம் வாங்குவதும், குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் எழுத வைப்பதும் அமேசானின் விதிகளுக்கு எதிரானவை. விதியை விடுங்கள், ஃபேன்டஸி வாசகர் கூர்மையானவர். "அருமை, சூப்பர், தொடர்ந்து எழுதுங்கள்" என்று இருபது வரிகள் வரிசையாக இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் பாகத்தில் காவலர் தலைவி எடுக்கும் முடிவு தவறு என்று கோபமாக ஒரு வாசகர் மூன்று நட்சத்திரம் போட்டு நீளமாக எழுதியிருக்கிறார். அந்தத் தொடரை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு அதைவிட நல்ல சிபாரிசு என்னால் எழுத முடியாது.

செலக்டால் இழப்பது என்ன? தமிழில் நிறையப் பேர் பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதித்தான் வாசகர்களைச் சேர்க்கிறார்கள். செலக்டில் சேரும்போது அந்தத் தொடரை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கே கிடைத்த வாசகர் எண்ணிக்கை, கருத்துகள் எல்லாம் போகும். அது மனசுக்குக் கஷ்டமான விஷயம்தான். அங்கே ஏற்கெனவே பெரிய வாசகர் கூட்டம் இருப்பவர்களுக்கு நான் செலக்டைச் சிபாரிசு செய்யமாட்டேன், புதுத் தொடரை வேண்டுமானால் கொண்டு வரலாம். முதல் பாகத்தை நிரந்தரமாக இலவசமாக வைக்க நினைப்பவர்களுக்கும் இது சரிப்படாது. கேடிபியில் நேரடியாகப் பூஜ்யம் விலை வைக்க முடியாது. கூகுள் பிளே, ஆப்பிள், கோபோ போன்ற மற்ற கடைகளில் இலவசமாகப் போட்டு, அதற்கு இணையாக விலையைக் குறைக்கும்படி அமேசானைக் கேட்பதுதான் எழுத்தாளர்கள் பின்பற்றும் வழி. செலக்டில் இருந்தால் மற்ற கடைகளே கிடையாது என்பதால் அந்த வழி அடைபடும். கனடா, பிரிட்டன், ஐரோப்பா என்று வெளிநாட்டு வாசகர்களே அதிகம் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு, அங்கெல்லாம் செலக்ட் இல்லாமலேயே 70 கிடைக்கிறது.

அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் கேடிபியை நம்பிப் பயனில்லை, அதன் அச்சுச் சேவை அமேசான் இந்தியாவில் விற்பதில்லை. உள்ளூர் அச்சகத்தில் தேவைக்கேற்ப அடித்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில், வாசகர்கள் இந்தியாவில், கையில் மூன்று பாகம், வேறு தளத்தில் பெரிய கூட்டம் இல்லை என்றால் சேருங்கள். முதல் 90 நாளை விலையைத் தொடாமல் அறிக்கையைப் பார்க்க வையுங்கள், முதல் பாகத்திலிருந்து இரண்டாவதுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதி வையுங்கள், தானாகப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிட்டு அடுத்த 90 நாளை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு இந்தச் சுற்று அடுத்த மாதம் முடிகிறது. ஐந்து பாகங்களையும் மறுபடி சேர்க்கப் போகிறேன், இரண்டாம் பாகத்தின் விலையை மட்டும் 149-லிருந்து 129-க்கு இறக்கிப் பார்க்கப் போகிறேன். 49-லிருந்து 149-க்குத் தாவச் சொல்வதுதான் அந்த இடத்தில் ஆட்களை நிறுத்துகிறதா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.